டெல்பின் டீச்சரின் கூடைக் குட்டி

டெல்பின் டீச்சரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் ஸ்ரீரங்கன், "அவளைப் பத்தி எழுதறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். அப்படிக் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து சாந்தோம் பக்கம் போகிற சந்து ஒன்றில் எங்கள் அடுக்ககம். பன்னிரண்டு வீடு. நாங்கள் இரண்டாம் மாடி, டெல்பின் தரைத்தளம். நாங்கள் சொந்தம், அவள் வாடகை, பத்தொன்பது வருடமாக. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவள். வகுப்பில் சுத்தமான தமிழ், வாசலுக்கு வந்தால் சாந்தோம் தமிழ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருத்தி கேட்டதற்கு, "வருஷத்துக்கு நாப்பது புள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி உட்டேன். இன்னும் இன்னாத்துக்கு ஒண்ணு?" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றதும் எல்லோரும் யாத்திரை போவார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். டெல்பின் தெருவில் தாயை இழந்த நாய்க்குட்டிகளை எடுத்துவந்து, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தாள். இதில் என்ன பெரிய வேலை என்று நானும் நினைத்தவள்தான். பாலை ஊற்றினால் குட்டி வளர்ந்துவிட்டுப் போகிறது. இதை அவளிடமே ஒரு தடவை சொன்னேன்.

"பசும்பால் ஊத்துனா வயித்தால போயே செத்துடும் மாமி. அது இன்னா கன்னுக்குட்டியா?" என்றாள். அதோடு விடவில்லை. என்னைப் படியில் உட்காரவைத்து, குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து, ஏழு வாரத்தில் முதல் ஊசி, அதிலிருந்து மூன்று மூன்று வாரத்தில் அடுத்தடுத்து, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி என்று ஒப்பித்தாள். நடுவில் நான் கொட்டாவி விட்டதற்கு, "வாயை மூடிக்கினு கேளுங்க" என்று அதட்டினாள். எனக்கு வயது அறுபத்து நான்கு. டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவள். அந்த நிமிஷம் எல்.கே.ஜி.யில் இருந்தேன்.

அவளிடம் நான் ஏன் அடங்கினேன் என்றால், எங்கள் வீட்டில் லட்டு என்று ஒரு நாய் இருந்தது.

அப்போது எங்களோடு இருந்த பெண் ஸஹானா அவனை நாற்பது நாள் குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி எல்லாம் முடிகிற வரை வெளியே தரையில் விடாதீர்கள் என்றார் மருத்துவர். தெருநாய்கள் நடந்த தரையிலிருந்து பார்வோ என்கிற வைரஸ் ஒட்டிக்கொள்ளும், இரண்டே நாளில் ரத்த பேதியாகிக் குட்டி போய்விடும் என்றார். நாங்கள் மடி, விழுப்பு என்று தீட்டுப் பார்த்தே ஊறிய குடும்பம். எங்களிடம் ஒரு விதியைச் சொன்னால் அதற்கு மேல் நாலு விதி நாங்களே போட்டுக்கொள்வோம். தரையில் விடாதே என்று அவர் சொன்னதை, வெளி உலகத்தையே காட்டாதே என்று ஆக்கிக்கொண்டோம். வந்தவர்களை வாசலோடு அனுப்பினோம். லட்டு பயப்படுகிறான் என்று அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றினோம். குக்கர் விசில் அடித்தால் சமையலறைக் கதவைச் சாத்தினோம். ஐந்து மாதம் அவன் பார்த்த மனிதர்கள் நாங்கள் மூன்று பேர்.

ஆறாவது மாதம் கீழே இறக்கினால் உலகம் முழுக்க அவனுக்குப் பேய். குடையைக் கண்டு நடுங்கினான். ஹெல்மெட்டைக் கண்டு ஊளையிட்டான். ஒரு நாள் சிலிண்டர் கொண்டுவந்தவரின் காலைக் கடித்துவிட்டான். "இனிமே இந்த ஆத்துல நாய் கிடையாது" என்று என் கணவர் தீர்ப்பு சொன்னார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார். பத்தாம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம். தேடினார்களாம், கிடைக்கவில்லையாம். கடித்தது அவன், கெடுத்தது நாங்கள். அவனை வண்டியில் ஏற்றும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எழுதுகிறபோதும் வெட்கமாக இருக்கிறது.

போன ஜூன் மாதம் எங்கள் சந்தில் தண்ணீர் லாரி ஒரு தாய்நாயை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் மூன்று குட்டிகள். டெல்பின் மூன்றையும் முந்தானையில் வாரிக்கொண்டு வந்தாள். ஆண்குட்டிகள் இரண்டுக்கும் வீடு கிடைத்துவிட்டது. ராயப்பேட்டையில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற காஷிஃப் ஒன்றை வாங்கிக்கொண்டார், இன்னொன்று நங்கநல்லூர் போயிற்று. இரண்டு வீட்டுக்கும் முன்னாலேயே போய், அரை மணி நேரம் உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்ட பிறகுதான் சம்மதித்தாள். மிஞ்சியது மிளகு. கறுப்பு, பெண், நாட்டு நாய். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே நம் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள், இவளுக்கு மூன்றும் இருந்தது.

ஒரு நாள் காலை மந்தைவெளி பஸ் நிலையத்துக்கு எதிரே டெல்பினைப் பார்த்தேன். கையில் காய்கறி வாங்குகிற மூங்கில் கூடை, அதற்குள் பழைய துண்டு, துண்டுக்குள் மிளகு. பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் திரும்பியது. குட்டியின் காது பின்னால் மடங்கியது. டெல்பின் உடனே நாலு எட்டு பின்வாங்கி நின்றாள். குட்டி தானாகத் தலையைத் தூக்கிப் பஸ்ஸைப் பார்த்ததும், வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அதன் வாயில் வைத்தாள்.

"டீச்சர், ஊசி இன்னும் முடியலையே! வெளியில கொண்டு வரலாமோ?" என்று பதறினேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? தரையில விடாதேன்னாரு. தூக்கிக்கினு போவாதேன்னா சொன்னாரு?"

நான் அங்கேயே நின்றுவிட்டேன். லட்டுவின் ஐந்து மாதத்துக்கும் அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும். எங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"ஐந்தில் வளையாததுன்னு சொல்றோமே, நாய்க்கு அது அஞ்சு வருஷம் இல்ல மாமி, வாரக்கணக்கு" என்றாள் அவள். "பதிமூணு பதினாலு வாரத்துக்குள்ள எதையெல்லாம் பயமில்லாம பாக்குதோ, அதெல்லாம் அதுக்குச் சொந்தக்காரங்க. அப்பறம் பாக்கறதெல்லாம் திருடங்க. ஊசி முடியட்டும்னு உக்காந்தா அந்த நாள் போயிடும். போனா வராது."

பழைய வருகைப் பதிவேடு ஒன்றில், மாணவர் பெயர் எழுதும் இடத்தில் குடை, தாடி, ஹெல்மெட், ஊன்றுகோல், பர்தா, பாதிரியார் அங்கி, குப்பை வண்டி, நாகஸ்வரம், பேண்டு வாத்தியம், மிக்ஸி, மீன்காரியின் கூவல் என்று எழுதி வைத்திருந்தாள். குட்டி பயமில்லாமல் பார்த்த நாளில் ஒரு டிக். கோயில் வாசல், தேவாலய மணி, லூப் சாலை மீன்கடை என்று தினம் ஓரிடம். பத்து நிமிஷத்துக்கு மேல் எங்கேயும் நிற்க மாட்டாள். வீட்டில் தினமும் பாதம், காது, வாய் எல்லாவற்றையும் தொட்டுப் பழக்குவாள், நாளைக்கு ஊசி போடுகிறவர் தொட்டால் திமிராமல் இருக்க. கையைக் கவ்வினால் அடிப்பதில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். குட்டிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவாள். வேறு நாய் மிதிக்காத தரை அது ஒன்றுதான்.

அந்த மொட்டை மாடிக்குத்தான் முதலில் பூட்டு விழுந்தது.

போட்டவர் என் கணவர். அவர்தான் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பும் போட்டார். தரைத்தள வீட்டில் தெருநாய் வளர்க்கப்படுகிறது, குடியிருப்போர் பாதுகாப்பு கருதி ஞாயிறு கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப்படும், அன்று பன்னிரண்டு மணிக்குக் காப்பகத்து வண்டி வந்து அதைக் கொண்டுபோகும் என்று. மூன்றாம் மாடி செந்தில்குமார் வீட்டில் ஜடை ஜடையாக முடி தொங்குகிற வெள்ளை நாய் ஒன்று இருக்கிறது, லிஃப்டிலேயே காலைத் தூக்கும். அதைப் பற்றி அறிவிப்பில் ஒரு எழுத்து இல்லை. செந்தில்குமார் பொருளாளர். தீர்மானமும் கவனமாகத்தான் எழுதப்பட்டிருந்தது: வாடகைதாரர்கள் நாய் வளர்க்கக் கூடாது. மீறினால் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிக் காலி செய்யவைப்பது.

ஐந்து நிமிஷத்தில் டெல்பின் பதில் போட்டாள். மூன்றே சொல். "மிளகு எங்கேயும் போகாது."

அப்புறம் நேராக மாடி ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தாள். "சார், அந்த காப்பகத்துல நூறு நாய் கீது. குட்டிக்கு இன்னும் ரெண்டு ஊசி பாக்கி. அங்க போனா ஒரு வாரம் தாங்காது. தாங்குனாலும் கூண்டுல கெடந்து, கத்துக்கினது பூரா மறந்து, யாரு கிட்ட வந்தாலும் கடிக்கிற நாயா ஆவும். தெரிஞ்சுதான் பண்றீங்களா?"

"நாய் வாலை நிமிர்த்த முடியுமோ? வளர்த்துப் பாத்தவன் சொல்றேன்" என்றார் இவர்.

"வால நிமித்த யாரு கேட்டா சார்? அது ஆடுனா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினேன். அப்போதும் விழுங்கினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்காரர் டெல்பினுக்குப் போன் செய்தார். நாயா, வீடா, முடிவு பண்ணிக்கோங்க என்றாராம். "பண்ணிட்டேன்னு சொல்லிட்டேன் மாமி. அட்டைப்பெட்டி கெடைக்குமா உங்க வூட்ல?" என்று என்னிடம் கேட்டாள். அறுபது வயதில், பத்தொன்பது வருடம் இருந்த வீட்டை விட்டு, நாய்க்குட்டியோடு போகிற தனிப் பெண்ணுக்கு இந்த ஊரில் யார் வீடு கொடுப்பார்கள்? அவள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே மிளகுக்கு 'உட்கார்' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மாமி, மடிசார் கட்டுவீங்களா?"

"சிராத்தத்துக்குத்தான் கட்டுவேன். ஏன்?"

"லிஸ்ட்ல அது இல்ல. நாளைக்கு மயிலாப்பூர்ல யாராச்சும் இவள எடுத்துக்கினு போயி, மடிசார் கட்டுன மாமியப் பாத்து இவ கொலைச்சா, என் பேரு கெட்டுடும்."

வியாழக்கிழமை என் மாமியாருக்குச் சிராத்தம். சிராத்தத்தன்று நாய் கண்ணில் படுவதே தோஷம் என்பார்கள். சாஸ்திரிகள் சாப்பிட்டுப் போனார்கள், இவரும் சாப்பிட்டுப் படுத்தார். நான் மடிசாரோடு படி இறங்கினேன். டெல்பின் வீட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மிளகு தூரத்திலிருந்து பார்த்தது. நான் கூப்பிடவில்லை, கூப்பிடக் கூடாது என்று டீச்சரின் உத்தரவு. ஒரு அடி, ஒரு அடியாக வந்து, மடிசார் தலைப்பை முகர்ந்து, அதன்மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. "மாமிக்காக இன்னிக்கு பன்னீர்" என்று டெல்பின் ஒரு துண்டை என் கையில் கொடுத்தாள். ஊட்டும்போது எனக்கு அழுகை வந்தது. மாமியார் நினைவில் அழுகிறேன் என்று அவள் நினைத்திருந்தால் அது தப்பு. நான் லட்டுவுக்காக அழுதேன், என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது இவர் ஒரு தாளை நீட்டினார். எங்கள் வீடு என் பெயரில் இருக்கிறது. டெலிபோன் இலாகா கடனில் வாங்கியது, என் சம்பளத்தில் அடைத்தது. அதனால் சங்கத்தில் ஓட்டு எனக்குத்தான். ஆனால் வருடா வருடம் 'என் சார்பில் என் கணவர் கலந்துகொள்வார்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் அடுப்படியில் இருப்பேன். பதினேழு வருட வழக்கம்.

"கையெழுத்துப் போடு சூடா, நாழியாறது." சூடா என்றுதான் இவர் என்னைக் கூப்பிடுவார்.

"வேண்டாம். நானே வரேன்" என்றேன்.

"நீ வந்து என்ன பண்ணப் போறே?"

"வந்தப்புறம் பாருங்கோ."

கூட்டம் கீழே, கார் நிறுத்தும் இடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள். டெல்பினுக்கு ஓட்டு இல்லை என்பதால் நாற்காலியும் போடவில்லை. அவள் தூணில் சாய்ந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தாள் எடுத்து வந்திருந்தாள், நீட்டினாள், யாரும் வாங்கவில்லை. என் கணவர் எழுந்து, நாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், என் வீட்டு நாயே ஒருவரைக் கடித்தது என்று பேசினார்.

நான் எழுந்தேன். "கடிச்சதுக்குக் காரணம் நாய் இல்லை, நாம" என்றேன். "அஞ்சு மாசம் பூட்டி வெச்சோம். மனுஷாளையே காட்டலை. அதைக் கெடுத்துட்டு, அது கெட்டதுன்னு துரத்தினோம். இந்தக் குட்டி அப்படி வளரலை. நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்."

என் குரலைச் சங்கம் முதல் தடவை கேட்டது. கேட்டு என்ன? கை தூக்கச் சொன்னார்கள். எட்டுக்கு மூன்று. தீர்மானம் நிறைவேறியது. நியாயத்தைச் சொன்னால் கைகள் தானாக இறங்கிவிடும் என்று நான் நினைத்தது என் அசட்டுத்தனம்.

"பாத்துட்டீங்களா? இப்ப நான் சொல்றேன்" என்றாள் டெல்பின். "நீங்க இன்னா எழுதிக்கினாலும் வண்டியில இவ ஏற மாட்டா. நான் மாசக் கடைசியில காலி பண்றேன். அதுவரைக்கும் எவனாவது என் கதவைத் தட்டிப் பாருங்க."

மணி பதினொன்றே முக்கால். நான் தூண் பக்கம் போனேன். "டீச்சர், மிளகை எனக்குக் குடுங்கோ. நான் வாடகைக்காரி இல்லை. தீர்மானம் என்னைக் கட்டாது. நீங்க வீட்டைக் காலி பண்ண வேண்டாம்."

"அட, சூப்பர் மாமி! எல்லாருக்கும் நிம்மதி" என்றார் செந்தில்குமார், நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே.

டெல்பின் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கொடுக்கவில்லை.

"உங்களுக்கா?" என்றாள். "வூடு போனா வேற வூடு பாத்துக்குவேன் மாமி. இவ கெட்டுப் போனா திருப்பி வராது. எல்லாரையும் கேக்கற மாதிரி உங்களையும் கேக்கறேன். கைய கவ்வுனா இன்னா பண்ணுவீங்க?"

அத்தனை வீட்டுக்காரர்கள் முன்னால் பரீட்சை. எனக்குக் கோபம் வரவில்லை. "அடிக்க மாட்டேன். முதுகைக் காட்டிண்டு உக்காந்துடுவேன்."

"எதையாச்சும் பாத்து பயந்தா?"

"இழுக்க மாட்டேன். நாலு அடி பின்னால வந்து, அது தானா பாக்கற வரைக்கும் நிப்பேன்."

"வூட்டுக்கு ஆளுங்க வந்தா?"

"உள்ளே வாங்கோன்னு கூப்பிடுவேன்."

அடுத்த கேள்வியை என்னைப் பார்த்து அவள் கேட்கவில்லை. என் கணவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சார் போவச் சொன்னா?"

இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முன் கேள்விகளுக்கெல்லாம் யோசித்துத்தான் பதில் சொன்னேன், இதற்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

"போன தடவை அவர் சொன்னார், நான் வாயை மூடிண்டு இருந்தேன். இந்தத் தடவை சொன்னா, இந்த வீடு என் பேர்ல இருக்கு. மிளகு இருக்கும். அவர் இருக்கறதும் போறதும் அவர் இஷ்டம்."

டெல்பின் கூடையை என் கையில் வைத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. "இப்ப சாப்பாட்டு வேளை இவளுக்கு. நின்னுக்கினு இருக்காதீங்க, போங்க" என்று அதட்டினாள். கூடைக்குள்ளிருந்து மிளகு தலையை நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தது. நான் படி ஏற ஆரம்பித்தேன். முதல் மாடி தாண்டும்போது பின்னால் இவருடைய செருப்புச் சத்தம் கேட்டது, மெதுவாக, நின்று நின்று. நான் திரும்பிப் பார்க்காமல் மேலே போய்க் கதவைத் திறந்தேன்.